எடிட்டரில் பச்சை, வாடிக்கையாளரிடம் சிவப்பு: எக்ஸ்எம்எல் வேலிடேஷனில் எங்கே கோட்டை விடுகிறோம்?

கழற்றிமாட்டி | திங்கள், காலை 9:40

வணக்கம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே வந்திருக்கிறேன்.

இயந்திரப் பராமரிப்புக் கையேடுகள் எழுதும் குழு எங்களுடையது. தொழில்நுட்ப ஆவணங்களுக்கான எஸ்1000டி என்ற தரம், வெளியீடு 4.1. எழுதுவதெல்லாம் எக்ஸ்எம்எல் எடிட்டரில்தான். ஒரு டேட்டா மாட்யூல் (கையேட்டின் ஒரு தனித் துண்டு) முடிந்ததும் வேலிடேட் செய்வோம், அதாவது ஸ்கீமா என்ற கட்டமைப்பு விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று சோதிப்போம். பச்சை வந்தால்தான் சரிபார்ப்பவரிடம் போகும். இதில் யாருக்கும் சலுகை கிடையாது.

போன வாரம் 200-க்கும் மேற்பட்ட மாட்யூல்களை வாடிக்கையாளருக்கு அனுப்பினோம். எல்லாம் பச்சை. இரண்டே நாளில் மொத்தத் தொகுப்பும் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தது, கூடவே நீளமான பிழை அறிக்கை. பாதிக்கு மேல் "என்டிட்டி அறிவிக்கப்படவில்லை" என்ற ஒரே பல்லவி. மீதியில் பெரும்பகுதி "பிரெக்ஸ் விதி மீறல்". அவர்கள் குறிப்பிட்ட கோப்புகளில் பத்தை எடுத்து என் எடிட்டரில் திறந்து மறுபடி வேலிடேட் செய்தேன். பத்தும் பச்சை!

ஸ்கீமா ஒன்றுதான், தரமும் ஒன்றுதான். அப்புறம் எப்படி? "அவர்கள் கருவியில்தான் கோளாறு என்று கடிதம் எழுதிவிடலாமா" என்கிறார் எங்கள் மேலாளர். எழுதுவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

கோண_அடைப்பு | திங்கள், காலை 10:05

கடிதம் எழுதாதீர்கள்.

மறுபடி திறந்து பார்த்த அந்தப் பத்துக் கோப்புகளை எங்கிருந்து எடுத்தீர்கள்? வேலை செய்யும் கோப்புறையிலிருந்தா, அனுப்பிய ஜிப்பிலிருந்தா?

கழற்றிமாட்டி | திங்கள், காலை 10:21

கோப்புறையிலிருந்துதான். இரண்டும் ஒன்றுதானே? அனுப்பும் முன் ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டுவோம். வெளியீட்டு எண்ணையும் தேதியையும் எல்லா மாட்யூலிலும் மாற்றும். வேறொன்றும் செய்யாது.

கோண_அடைப்பு | திங்கள், காலை 10:30

"வேறொன்றும் செய்யாது" என்ற இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எத்தனையோ இரவுகளைத் தொலைத்திருக்கிறேன்.

அந்த ஸ்கிரிப்ட் எக்ஸ்எஸ்எல்டியில் (எக்ஸ்எம்எல்லை உருமாற்றும் மொழி) எழுதியதா? ஜிப்பிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, எடிட்டரின் அலங்காரப் பார்வையில் அல்ல, வெறும் எழுத்துப் பார்வையில் திறங்கள். முதல் இருபது வரி போதும். தலைப்பில் டாக்டைப் என்ற அறிவிப்பு இருக்கிறதா?

கழற்றிமாட்டி | திங்கள், காலை 10:52

எக்ஸ்எஸ்எல்டிதான். டாக்டைப் இல்லை! கோப்புறையில் உள்ளதில் இருக்கிறது, ஜிப்பில் உள்ளதில் இல்லை. ஜிப்பில் உள்ளதை வேலிடேட் செய்தால் எனக்கும் அதே "என்டிட்டி அறிவிக்கப்படவில்லை" வருகிறது.

ஆனால் ஒன்று புரியவில்லை. நாங்கள் பயன்படுத்துவது எக்ஸ்எஸ்டி ஸ்கீமா. டாக்டைப் என்பது டிடிடி என்ற பழைய ஸ்கீமா முறையின் காலத்துச் சங்கதி இல்லையா? அது போனால் என்ன குறைந்துவிடும்?

பழைய_எஸ்ஜிஎம்எல் | திங்கள், மதியம் 12:15

இதற்கு என் தலைமுறை ஆள்தான் பதில் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

எஸ்ஜிஎம்எல் ஐஎஸ்ஓ தரமானது 1986-ல். அதைச் சுருக்கி எக்ஸ்எம்எல் 1.0 வந்தது 1998 பிப்ரவரியில். படம் போன்ற எக்ஸ்எம்எல் அல்லாத பொருள்களை ஆவணத்தோடு கட்டுவதற்கு எஸ்ஜிஎம்எல்லில் ஒரு வழி இருந்தது. டாக்டைப்புக்குள் "இந்தப் பெயருள்ள என்டிட்டி இந்தக் கோப்பு, அதன் வகை சிஜிஎம் என்ற பட வடிவம்" என்று அறிவித்துவிட வேண்டும். உடம்புப் பகுதியில் பெயரை மட்டும் சொன்னால் போதும். எக்ஸ்எம்எல்லும் இதை அப்படியே வைத்துக்கொண்டது. பாகுபடுத்தாத என்டிட்டி என்பார்கள்.

எஸ்1000டி பிறந்தது 80-களில், எஸ்ஜிஎம்எல் வீட்டில். பிறகு எக்ஸ்எஸ்டி ஸ்கீமாவுக்குக் குடிமாறினாலும் படங்களுக்கு மட்டும் பழைய வழக்கம் தொடர்ந்தது. உங்கள் மாட்யூலில் கிராஃபிக் என்ற எலிமென்ட்டில் (குறிச்சொல்லில்) ஐசிஎன் என்று தொடங்கும் படப் பெயர் அட்ரிபியூட்டாக, அதாவது குறிச்சொல்லோடு ஒட்டிய மதிப்பாக இருக்கும், பாருங்கள். ஸ்கீமாவில் அந்த அட்ரிபியூட்டின் வகை வெறும் சரம் அல்ல, என்டிட்டி. அதாவது, "இங்கே எழுதும் பெயர் டாக்டைப்பின் உள்பகுதியில் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும்" என்று எக்ஸ்எஸ்டியே டிடிடியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இப்போது உங்கள் ஸ்கிரிப்ட். எக்ஸ்எஸ்எல்டிக்கு ஒரு ஆவணம் என்றால் கணுக்களால் ஆன மரம். எலிமென்ட், அட்ரிபியூட், உரை, குறிப்புரை எல்லாம் அந்த மரத்தில் உண்டு. டாக்டைப்பின் உள்பகுதிக்கு அதில் இடமே கிடையாது. உள்ளதை அப்படியே நகலெடு என்று சொன்னாலும், அது பார்த்ததைத்தானே நகலெடுக்கும்? பார்க்காததை எப்படி எடுக்கும்? குறிகளை வெறும் எழுத்தாகவே வைக்கும் சிடேட்டா பகுதிகளுக்கும் இதே கதிதான். என்டிட்டி சுட்டுகள் விரிந்துவிடும். டிடிடியில் இயல்பு மதிப்பு கொண்ட அட்ரிபியூட்கள் திடீரென்று கோப்பில் நிஜமாகவே முளைத்துவிடும்.

உங்கள் வாடிக்கையாளரின் கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

நள்ளிரவு_பில்ட் | திங்கள், மதியம் 1:40

தீர்வுக்கு வருவோம். எக்ஸ்எஸ்எல்டியை விட மனசில்லை என்றால், என்டிட்டியின் முகவரியைக் கேட்டு வாங்க அதில் ஒரு ஃபங்ஷன் உண்டு. அதை வைத்து டாக்டைப்பை உரையாக மறுபடி எழுதலாம். ஆனால் சிஜிஎம்மா ஜேபெக்கா என்ற வகைப்பெயரை அந்த ஃபங்ஷன் தராது, கோப்பின் வால்பெயரைப் பார்த்து நீங்களே ஊகிக்க வேண்டும். செய்து பார்த்திருக்கிறேன். வேலை செய்யும், பார்க்கச் சகிக்காது.

இரண்டு மதிப்பை மாற்ற எதற்கு எக்ஸ்எஸ்எல்டி? லிப்எக்ஸ்எம்எல்2 மாதிரி ஒரு நூலகத்தை வைத்துக் கோப்பைப் படித்து, இரண்டு அட்ரிபியூட்டை மாற்றி, திரும்ப எழுதினால் டாக்டைப் அப்படியே இருக்கும். எஸ்1000டிக்கென்றே திறந்த மூலத்தில் எஸ்1கேடி-டூல்ஸ் என்ற கட்டளைவரித் தொகுப்பும் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

எதைச் செய்தாலும், வேலிடேஷனை ஸ்கிரிப்டுக்குப் பின்னால் வையுங்கள். ஜிப் ஆவதற்கு முன் கடைசிப் படி அதுவாகத்தான் இருக்க வேண்டும். எடிட்டரில் நடப்பது எழுதுபவரின் வசதிக்கு. வாசலைத் தாண்டிப் போவது எதுவோ அதைத்தான் சோதிக்க வேண்டும்.

சோதிக்கும் சர்வரில் இணையம் இருக்காதே என்று அடுத்த கேள்வி வரும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். மாட்யூலின் தலையில் ஸ்கீமாவுக்கு ஒரு இணைய முகவரி இருக்கும். அதை விலாசம் மாதிரி தோற்றமளிக்கும் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அங்கே போய் இறக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. இந்தப் பெயர் வந்தால் வட்டில் இந்தக் கோப்பை எடு என்று சொல்லும் கேட்டலாக் கோப்பு ஒன்று வைத்தால் போதும், அதற்கு ஒயாசிஸ் என்ற தர அமைப்பின் தரமே இருக்கிறது. இதைச் செய்யாத நிரல்கள் தன் டிடிடி கோப்புகளைக் கேட்டு ஒரு நாளைக்கு 13 கோடி முறை வரை கதவைத் தட்டுவதாக இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 2008-ல் வெளிப்படையாகவே புலம்பியது.

கேட்டலாக் இல்லாமல் விட்டால் இன்னொரு ஆபத்து. சில அமைப்புகளில் ஸ்கீமா கிடைக்காவிட்டால் ஒரு எச்சரிக்கையைப் போட்டுவிட்டு, கோப்பு நல்ல வடிவில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பிவிடும். அந்த எச்சரிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள். பல மாதம் வேலிடேஷனே நடக்காமல் பச்சை காட்டிக்கொண்டிருந்த ஒரு பில்டை (கோப்புகளைத் தானாகத் தொகுத்து வெளியிடும் ஓட்டத்தை) நான் பார்த்திருக்கிறேன். எந்த இடம் என்று கேட்காதீர்கள்.

கழற்றிமாட்டி | திங்கள், மாலை 5:10

அனைவருக்கும் நன்றி. ஸ்கிரிப்டை மாற்றிக்கொண்டிருக்கிறோம். பாதிப் பாரம் இறங்கியது. மீதிப் பாதி அந்தப் பிரெக்ஸ். ஜிப்பில் உள்ளதை வேலிடேட் செய்தாலும் அந்தப் பிழைகள் என் எடிட்டரில் வரவே மாட்டேன் என்கின்றன.

விதிமுறை_அக்கா | செவ்வாய், காலை 8:50

வராது தம்பி. நீங்கள் கேட்காத கேள்விக்கு எடிட்டர் பதில் சொல்லாது.

எஸ்1000டி என்பது பெரிய கடல். ஒரே விஷயத்தைச் செய்ய நான்கு வழி தரும். எந்த வழியை நம் திட்டத்தில் எடுக்கிறோம், எந்த எலிமென்ட்டைத் தொடவே கூடாது, ஒரு அட்ரிபியூட்டில் எந்தெந்த மதிப்புக்கு அனுமதி என்றெல்லாம் திட்டத்துக்குத் திட்டம் மாறும். அந்த முடிவுகளை எழுதி வைக்கும் இடம்தான் பிரெக்ஸ். விசேஷம் என்னவென்றால், அதுவும் ஒரு டேட்டா மாட்யூல்தான். தகவல் குறியீடு 022. 040 என்றால் விளக்கம், 520 என்றால் கழற்றும் முறை, 720 என்றால் பொருத்தும் முறை என்பது போல.

அதற்குள் விதி விதியாக இருக்கும். ஒவ்வொரு விதியிலும் ஒரு எக்ஸ்பாத் (ஆவணத்துக்குள் ஒரு இடத்தைக் காட்டும் பாதை), ஒரு கொடி எண், மனிதர் படிக்க ஒரு விளக்கம். கொடி 0 என்றால் அந்தப் பாதையில் எதுவும் இருக்கக் கூடாது, 1 என்றால் கட்டாயம் இருக்க வேண்டும், 2 என்றால் இருக்கலாம். அப்புறம் அனுமதித்த மதிப்புகள் தனி மதிப்பாகவோ வரம்பாகவோ வடிவமாகவோ வரும்.

இப்போது உங்கள் மாட்யூல் ஒன்றைத் திறந்து நிலைப் பகுதியில் பிரெக்ஸைச் சுட்டும் இடத்தைப் பாருங்கள். எந்த பிரெக்ஸைச் சுட்டுகிறது?

கழற்றிமாட்டி | செவ்வாய், காலை 9:35

எஸ்1000டியோடு வரும் பொதுவான பிரெக்ஸை. எல்லா மாட்யூலிலும் அதேதான். டெம்ப்ளேட்டில் இருந்தது, அப்படியே நகலாகியிருக்கிறது.

வாடிக்கையாளர் தந்த பிரெக்ஸ் இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது. திட்டம் தொடங்கியபோதே மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார்கள். படிக்க வேண்டிய ஆவணம் என்று நினைத்து யாரோ அதைப் பிடிஎஃப் ஆக்கி "வாடிக்கையாளர் குறிப்புகள்" என்ற கோப்புறையில் போட்டு வைத்திருக்கிறார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அதை ஒரு இயந்திரம் படிக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

விதிமுறை_அக்கா | செவ்வாய், காலை 9:48

சிரிக்கக் கூடாது என்று பார்க்கிறேன், முடியவில்லை. பிடிஎஃப் ஆக்கியது தப்பில்லை. அசலைத் தூக்கிப் போடாமல் இருந்தால் சரி.

முதலில் எல்லா மாட்யூலிலும் சுட்டியைத் திட்டப் பிரெக்ஸுக்கு மாற்றுங்கள். அந்தத் திட்டப் பிரெக்ஸ் தனக்கு மேலே உள்ள பொதுப் பிரெக்ஸைச் சுட்டும், அதனால் அடுக்கு விட்டுப் போகாது. பிறகு சோதனை. நேற்றுச் சொன்ன எஸ்1கேடி-டூல்ஸில் பிரெக்ஸ் சோதிக்கும் கட்டளை இருக்கிறது, பில்டில் அதைப் போடுங்கள். எழுதும்போதே எடிட்டரில் தெரிய வேண்டுமென்றால் பிரெக்ஸை ஸ்கீமட்ரான் என்ற விதி மொழிக்கு மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான எடிட்டர்கள் ஸ்கீமட்ரானைத் தட்டச்சு செய்யும்போதே ஓட்டும்.

கோண_அடைப்பு | செவ்வாய், காலை 11:20

ஸ்கீமட்ரானாக மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு பள்ளத்தைக் காட்டிவிடுகிறேன். நான் விழுந்து எழுந்த பள்ளம்.

ஸ்கீமட்ரானில் பேட்டர்ன் என்ற கூடைக்குள் ரூல்கள் இருக்கும், ஒவ்வொரு ரூலுக்கும் ஒரு சூழல் உண்டு. ஒரே பேட்டர்னுக்குள் ஒரு கணு இரண்டு ரூல்களின் சூழலுக்குப் பொருந்தினால், முதலில் பொருந்தியது மட்டுமே ஓடும். இரண்டாவது, சத்தமே இல்லாமல் ஒதுங்கிக்கொள்ளும். பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது. தரத்திலேயே அப்படித்தான் சொல்லியிருக்கிறது, கருவியின் கோளாறு இல்லை.

பிரெக்ஸில் ஒரே எலிமென்ட்டைப் பற்றி மூன்று விதிகள் சர்வ சாதாரணம். மூன்றையும் ஒரே பேட்டர்னில் கொட்டினால் ஒன்றுதான் உயிரோடு இருக்கும். எனக்கு நடந்தது இதுதான். அறுபது சொச்சம் விதிகளை அழகாக ஒரே பேட்டர்னில் அடுக்கினேன். பிழைகள் மளமளவென்று குறைந்தன. குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள், நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். பாதி விதிகள் ஓடவே இல்லை என்பது மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது. விதிக்கு ஒரு பேட்டர்ன் என்று வைத்துவிடுங்கள், கோப்பு நீளமாகும், ஆகட்டும்.

இன்னொன்று, சூழலைச் சோம்பேறித்தனமாக ஆவணத்தின் வேர் என்று வைக்காதீர்கள். விதி வேலை செய்யும், ஆனால் பிழை முதல் வரியில் காட்டும். எந்த ஸ்டெப்பில் தவறு என்று எழுதுபவர் தேடியே களைத்துப்போவார்.

டாக்புக்_பிரியன் | செவ்வாய், மதியம் 12:05

இன்னொரு ஆவணத் தரமான டாக்புக் 5-க்கு ஸ்கீமட்ரான் எழுதுகிறவர்களுக்கு இதே மாதிரி ஒரு மௌனப் பச்சை உண்டு. டாக்புக் 5-ன் எலிமென்ட்கள் ஒரு நேம்ஸ்பேஸில் (பெயர்களுக்கான தனி வட்டத்தில்) இருக்கின்றன. விதியில் முன்னொட்டு போடாமல் "பாரா" என்று எழுதினால் நேம்ஸ்பேஸ் இல்லாத பாராவைத் தேடும். அப்படி ஒன்று ஆவணத்தில் கிடையாது. விதி ஒருநாளும் ஓடாது, எப்போதும் பச்சை.

அதனால் ஒவ்வொரு விதிக்கும் வேண்டுமென்றே கெடுத்த ஒரு மாதிரிக் கோப்பை வைத்திருக்கிறேன். விதி அதைப் பார்த்துக் கத்த வேண்டும். கத்தாத விதி செத்த விதி. இதைத் தானியங்கியாக ஓட்ட எக்ஸ்ஸ்பெக் என்ற கருவி இருக்கிறது.

பிகு: ரிலாக்ஸ் என்ஜி என்ற ஸ்கீமா மொழியில் எழுதினால் இந்தத் தலைவலியில் பாதி வராது. சொன்னால் யாரும் கேட்பதில்லை.

எழுதுபவள் | செவ்வாய், மாலை 4:30

இதுவரை பேசியவர்கள் எல்லோரும் கருவிப் பக்கம் நிற்பவர்கள். தினமும் அந்த எடிட்டருக்குள் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

சிவப்புக் கோடு வருகிறது. கீழே "சிவிசி-காம்ப்ளக்ஸ்-டைப் 2.4.ஏ" என்று தொடங்கும் ஒரு வாக்கியம். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அது காட்டும் வரியில் ஒரு தவறும் இருக்காது. பத்து வரிக்கு மேலே எதையோ விட்டிருப்பேன். பிழைச் செய்தி புரியாத ஊரில் எழுதுபவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? சிவப்பு போகும் வரை எதையாவது நுழைப்பார்கள். எது நுழைத்தால் பச்சை வருமோ அதுதான் சரியான எலிமென்ட்.

இது நகைச்சுவை இல்லை. எஸ்1000டியின் செய்முறை மாட்யூலில் ஆயத்தத் தேவைகள் என்ற பகுதி கட்டாயம். அதற்குள் துணைக் கருவிகள், நுகர்பொருள்கள், உதிரிகள், பாதுகாப்பு நிபந்தனைகள் என்று ஒவ்வொன்றுக்கும் பட்டியல் தர வேண்டும். இல்லையென்றால் "இல்லை" என்று சொல்லும் வெற்று எலிமென்ட்டை வைக்க வேண்டும். அமைத்தவர்களின் எண்ணம் நல்லதுதான். "மறந்துவிட்டேன்" என்பதற்கும் "யோசித்துப் பார்த்தேன், தேவையில்லை" என்பதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

நடப்பது என்ன? புதிய மாட்யூல் திறந்ததும் பச்சையாக இருக்கட்டும் என்று எங்கள் டெம்ப்ளேட்டில் எல்லா "இல்லை"களையும் முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தார்கள். அழுத்தத்தில் இருக்கும் குழாயைக் கழற்றும் மாட்யூல் ஒன்று "பாதுகாப்பு நிபந்தனை எதுவும் இல்லை" என்று சொல்லிக்கொண்டு என் மேசைக்கு வந்தது. ஸ்கீமா சரி, பிரெக்ஸும் சரி. எழுதியவர் அந்தப் பகுதியைத் திறந்தே பார்க்கவில்லை, ஏனென்றால் அது பச்சையாக இருந்தது. நான் அந்த வேலையை முன்பே தெரிந்தவள் என்பதால் மட்டும்தான் பிடிபட்டது.

விதிகளைக் கூட்டிக்கொண்டே போனால் இப்படிப் பொய்யான பச்சைகளும் கூடும். அதுதான் என் பயம்.

பழைய_எஸ்ஜிஎம்எல் | செவ்வாய், மாலை 5:15

அம்மா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். அந்த 2.4 என்பது எக்ஸ்எஸ்டி விவரக்குறிப்பின் உட்பிரிவு எண். செசீஸ் பாகுபடுத்தி அதை அப்படியே செய்தியின் தலையில் ஒட்டிவிடும். மனிதருக்காக எழுதியது அல்ல. படிக்க ஒரு வழி சொல்கிறேன். வாக்கியத்தின் கடைசியில் "இவற்றில் ஒன்று எதிர்பார்க்கப்பட்டது" என்று ஒரு பட்டியல் இருக்கும். நீங்கள் விட்டது பெரும்பாலும் அதில்தான் இருக்கும். கோடு விழுவது பாகுபடுத்தி கைவிட்ட இடத்தில். தவறு அதற்கு முன்னால்.

விதிமுறை_அக்கா | செவ்வாய், இரவு 9:10

எழுதுபவள் சொன்ன கதையை நான் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அங்கே விதி அதிகமானதால் கெடவில்லை. விதி கேட்ட கேள்விக்கு டெம்ப்ளேட் பதில் சொல்லிவிட்டது. கேள்வி மனிதருக்கு. அந்த "இல்லை"களை டெம்ப்ளேட்டிலிருந்து பிடுங்கிவிட்டால் புதிய மாட்யூல் சிவப்பாகத் திறக்கும். திறக்கட்டுமே? எழுதி முடிக்காத ஆவணம் சிவப்பாகத்தானே இருக்க வேண்டும்.

ஸ்கீமட்ரானில் செய்தியை நாமே எழுதலாம், தமிழிலும் எழுதலாம். "பாதுகாப்பு நிபந்தனை இல்லை என்கிறீர்கள், ஆனால் 4-வது ஸ்டெப்பில் எச்சரிக்கை இருக்கிறது. இரண்டில் எது சரி?" என்று கேட்கும் விதி ஒன்று எங்களிடம் உண்டு. அதைப் பிழையாக அல்ல, எச்சரிக்கையாக வைத்திருக்கிறோம். சில சமயம் இரண்டுமே சரியாக இருக்கும்.

எழுதுபவள் | செவ்வாய், இரவு 9:31

ஸ்டெப்பில் எச்சரிக்கையே எழுதாமல் விட்டிருந்தால்?

விதிமுறை_அக்கா | செவ்வாய், இரவு 9:34

அப்போது உங்களைப் போல ஒருவர் படித்தால்தான் உண்டு. எக்ஸ்பாத்துக்கு குழாயில் அழுத்தம் இருப்பது தெரியாது.

மேப்_கீ | புதன், காலை 10:00

டிடா என்ற இன்னொரு ஆவணத் தரத்தில் வேலை செய்கிறேன், உங்கள் சண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஊரிலும் இதே கதை, வேறு உடையில்.

ஒவ்வொரு டாபிக்கும் (உங்கள் மாட்யூல் மாதிரி) பச்சை. பில்ட் செய்தால் ஒரு தயாரிப்புக்கு மட்டும் செய்முறை காலியாக வருகிறது. காரணம் டிடாவேல் வடிகட்டி. டாஸ்க் டாபிக்கில் ஸ்டெப்ஸ் என்று ஒன்று இருந்தால் அதற்குள் ஒரு ஸ்டெப்பாவது இருக்க வேண்டும் என்பது விதி. எழுதியவர் மூன்று ஸ்டெப் வைத்து, மூன்றுக்கும் வேறு வேறு தயாரிப்புப் பெயர் போட்டிருந்தார். நான்காவது தயாரிப்புக்கு வடிகட்டினால் மூன்றும் போய்விடும். எடிட்டர் சோதித்தது வடிகட்டும் முன் இருந்த கோப்பை, வாசகர் படித்தது வடிகட்டிய பின் மிஞ்சியதை. எடிட்டரில் மேப் (டாபிக்குகளைக் கோக்கும் பட்டியல்) முழுவதையும் வடிகட்டிகளோடு சேர்த்துச் சோதிக்கும் வசதி இருந்தால் ஒவ்வொரு வடிகட்டிக்கும் தனித்தனியாக ஓட்டுங்கள்.

ஐடி விஷயமும் அப்படித்தான். டாபிக்கின் ஐடிக்குத்தான் டிடிடியில் ஐடி என்ற, இரண்டு முறை வரக் கூடாத வகை. டாபிக்குக்குள் இருக்கும் பத்தி, ஸ்டெப், அட்டவணை இவற்றின் ஐடி எல்லாம் வெறும் நேம்டோக்கன், அந்தக் கட்டுப்பாடு இல்லாத பெயர். ஒரே டாபிக்கில் இரண்டு ஸ்டெப்புக்கு ஒரே ஐடி போட்டாலும் டிடிடி வாயைத் திறக்காது. வேறு இடத்திலுள்ள துண்டை ஐடியால் இழுத்துவரும் கான்ரெஃப்பில் எது இழுக்கப்பட்டு வந்தது என்பது பில்டுக்குப் பிறகுதான் தெரியும். நகலெடுத்து ஒட்டும் பழக்கம் உள்ள குழுவில் இது வாராவாரம் வரும்.

நள்ளிரவு_பில்ட் | புதன், காலை 10:25

டிடாவிலிருந்து வெளியீடு தயாரிக்கும் டிடா-ஓடி கருவியை ஓட்டும்போது செயலாக்க முறையை ஸ்டிரிக்ட் என்று வையுங்கள். இயல்பாக லாக்ஸில் ஓடும். முடிந்தவரை சமாளித்துப் பிடிஎஃப்பைக் கையில் கொடுத்துவிடும். நல்ல மனசுதான், ஆனால் பில்ட் சர்வரில் நல்ல மனசு வேண்டாம்.

யகரமெய் | புதன், மதியம் 2:15

கொஞ்சம் விலகிப் போகிறேன், தமிழில் மொழிபெயர்த்த மாட்யூல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். சொற்பட்டியலில் உள்ள சொல்தான் வந்திருக்கிறதா என்று ஸ்கீமட்ரானில் ஒரு விதி எழுதினேன். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் சொல்லைத் தவறு என்றது. பார்த்தால், "கொ" என்பதில் உள்ள குறி யூனிகோடில் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். சரம் ஒப்பிடும் விதிக்கு இரண்டும் வேறு. ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி என்ற சீரான யூனிகோடு வடிவுக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும், எக்ஸ்பாத் 2.0-லிருந்து அதற்கு ஃபங்ஷன் உண்டு.

ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டு ளகரம் தட்டியிருந்தால் என்எஃப்சியாலும் காப்பாற்ற முடியாது. அது யூனிகோடுக்கு நிஜமாகவே வேறு எழுத்து. அதற்குத் தனி விதி போட்டேன். முதல் நாளிலேயே நூற்றுக்கணக்கில் பிடித்தது.

டாக்புக்_பிரியன் | புதன், மதியம் 2:40

கௌரவமான பிழை.

கழற்றிமாட்டி | அடுத்த செவ்வாய், மாலை 6:20

திரும்பி வந்துவிட்டேன்.

ஸ்கிரிப்டை மாற்றினோம், டாக்டைப் தப்பித்தது. ஜிப் ஆகும் முன் ஸ்கீமா சோதனை, பிரெக்ஸ் சோதனை இரண்டும் ஓடுகின்றன, இணையமில்லாத சர்வரில் கேட்டலாக்கோடு. திட்டப் பிரெக்ஸைச் சுட்டியதும் முதல் ஓட்டத்திலேயே வாடிக்கையாளர் அனுப்பிய அதே பிழைகள், கிட்டத்தட்ட அதே வரிசையில் வந்தன. விசித்திரமாக இருக்கும், ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்து நாங்கள் கைதட்டினோம்.

பிரெக்ஸை ஸ்கீமட்ரான் ஆக்கியதில் கோண_அடைப்பு சொன்ன பள்ளத்தில் அவர் எச்சரித்த பிறகும் விழுந்தோம். கெடுத்து வைத்த மாதிரிக் கோப்புகளில் இரண்டு பச்சையாக வந்ததால்தான் தெரிந்தது.

இரண்டாவது முறை அனுப்பியதில் ஏழு மாட்யூல்கள் மட்டும் திரும்பி வந்தன. இந்த முறை அவர்களுடைய கருவி நிராகரிக்கவில்லை, ஒரு மனிதர் படித்துக் குறிப்பு எழுதியிருந்தார். ஏழில் நான்கு, எழுதுபவள் சொன்ன அதே "பாதுகாப்பு நிபந்தனை இல்லை".

கோண_அடைப்பு | அடுத்த செவ்வாய், மாலை 6:45

மேலாளரின் கடிதம்?

கழற்றிமாட்டி | அடுத்த செவ்வாய், மாலை 6:52

வரைவில் இருந்தது. அழித்துவிட்டார். அழித்ததாகச் சொன்னார்.

எழுதுபவள் | அடுத்த செவ்வாய், இரவு 8:05

டெம்ப்ளேட்டில் இருந்த "இல்லை"களை எடுத்தீர்களா?

கழற்றிமாட்டி | அடுத்த செவ்வாய், இரவு 8:17

நேற்றே எடுத்தாகிவிட்டது. புதிய மாட்யூல் திறந்தால் இப்போது எட்டுப் பிழையோடு திறக்கிறது. டெம்ப்ளேட் உடைந்துவிட்டது என்று இதுவரை மூன்று பேர் புகார் கொடுத்திருக்கிறார்கள்.